அரை மணித்தியாலம் சிங்களம், அரை மணித்தியாலம் தமிழ்

ஊருக்குத் திரும்பிய முதல் மாதங்களில் உங்கள் கைக்குப் பல தாள்கள் வந்து சேரும். பதிவுத் துண்டு, கூரைத் தகடு பெற்றதற்கான பற்றுச்சீட்டு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, வைத்தியசாலை கிளினிக் அட்டை. இவற்றில் சில சிங்களத்தில் இருக்கும். அநேகமான வீடுகளில் அவற்றைப் பொலித்தீன் பையில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நாங்கள் கேட்டால், "தெரியாது, இதில கையெழுத்து வைக்கச் சொன்னவை" என்று பதில் வரும்.

வன்னியில் மீளக் குடியேறிய ஒரு தாய், தொலைந்த ஆவணங்களுக்காகப் பொலிஸில் முறைப்பாடு செய்தார். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி ஆகிய மூன்றும் தொலைந்ததாகத் தமிழில் சொன்னார். எழுதிய உத்தியோகத்தருக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். அவர் கேட்டு, எழுதி, நீட்டினார். அம்மா கையொப்பமிட்டார். நான்கு மாதம் கழித்துக் காணி அலுவலுக்காக அந்தப் பிரதியைக் கொண்டுபோனபோதுதான், அதில் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழ்களும் மட்டுமே இருப்பது தெரிந்தது. உறுதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உத்தியோகத்தர் வேண்டுமென்று விட்டதாக நாம் நினைக்கவில்லை. தனக்கு விளங்கியதை அவர் எழுதியிருக்கிறார். "உறுதி" என்ற சொல் அவருக்கு விளங்கவில்லை. காணி உறுதிக்குச் சிங்களத்தில் "ஒப்புவ" என்பார்கள். அது நம்முடைய "ஒப்பு" என்ற சொல்லிலிருந்து போனது. காணிக்கு அவர்கள் சொல்லும் "இடம" என்பதும் நம்முடைய "இடம்"தான். "இடம் ஒப்பு" என்று அந்த அம்மா சொல்லியிருந்தால் அவர் எழுதியிருப்பார். இரண்டு சொல்லும் தமிழிலிருந்து போனவை. ஆனால் அது அந்த அம்மாவுக்கும் தெரியாது, பக்கத்தில் நின்ற எனக்கும் அன்று தெரியாது.

இந்தப் பாடம் மொழிப் பரிமாற்றச் சந்திப்பைப் பற்றியது. சிங்களம் பழக விரும்பும் தமிழரும், தமிழ் பழக விரும்பும் சிங்களவரும் வாரத்தில் ஒரு நாள், ஒரு மணித்தியாலம் ஓரிடத்தில் இருந்து கதைப்பது. அரை மணித்தியாலம் சிங்களம் மட்டும், அடுத்த அரை மணித்தியாலம் தமிழ் மட்டும். ஆசிரியர் இல்லை, கட்டணம் இல்லை, சோதனையும் இல்லை. வேறு நாடுகளில் நகரத்துத் தேநீர்க் கடைகளிலும் நூலகங்களிலும் பிறநாட்டு மொழி பழகுவோர் இப்படிச் சந்திப்பது வழக்கம். நமக்கு அந்த வழியை ஒரு பாயுடனும் ஒரு மணிக்கூட்டுடனும் கிராமத்திலேயே செய்யலாம்.

உரிமையை விட்டுக்கொடுப்பதா?

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்பீர்கள். கேட்கவும் வேண்டும். "எங்கட இடத்தில எங்கட மொழியில வேலை நடக்க வேணும். நாங்கள் ஏன் சிங்களம் படிக்க வேணும்?" என்று ஒரு சங்கக் கூட்டத்தில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அவர் சொன்னது சட்டப்படி சரியானது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிர்வாக மொழியும் தமிழ். அதற்கு வெளியே, உதாரணமாக அநுராதபுரத்தில் உள்ள ஒரு அரச அலுவலகத்திலும் தமிழில் அலுவல் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. அது மறுக்கப்பட்டால் முறையிடுவதற்கு, 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது.

சிங்களம் பழகுவதால் இந்த உரிமையில் ஒரு துளியும் குறையாது. பழகிய பின்னரும் உங்கள் விண்ணப்பத்தைத் தமிழில் கொடுங்கள், தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள். ஆனால் இரவு பதினொரு மணிக்குக் காய்ச்சலில் துடிக்கும் பிள்ளையுடன் வைத்தியசாலையில் நிற்கும்போது ஆணைக்குழு பக்கத்தில் இருக்காது. தாதிதான் இருப்பார்.

இன்னொன்றும் உண்டு. பலரும் இதைக் கவனிப்பதில்லை. 2007 ஜூலை 1ஆம் திகதிக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள், ஐந்து வருடங்களுக்குள் மற்றைய அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று பொது நிர்வாகச் சுற்றறிக்கை சொல்கிறது. உங்கள் பிரதேசத்துக்கு வந்திருக்கும் சிங்களத் தாதிக்கும், முகாமைத்துவ உதவியாளருக்கும், பொலிஸ் உத்தியோகத்தருக்கும் தமிழ் தேவை. புத்தகம் அவர்களிடம் இருக்கிறது. கதைத்துப் பழக ஆள் இல்லை. அந்த ஆள் நீங்கள். ஆகவே நீங்கள் உதவி கேட்டுப் போகவில்லை, கொடுத்து வாங்கப் போகிறீர்கள். சந்திப்புக்குப் போகும் முன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிவாரணத்துக்கு வரிசையில் நின்று பழகிய நமக்கு இது கொஞ்சம் கடினம்தான்.

யாரைத் தேடுவது?

எல்லைக் கிராமங்களில் இது இலகு. வவுனியா தெற்கிலும் மணலாற்றுப் பக்கத்திலும் சிங்களக் குடும்பங்கள் அடுத்த வீதியிலேயே இருக்கின்றன. உள்ளே இருக்கும் கிராமங்களில் வைத்தியசாலை, வங்கி, மின்சார சபை, வீதி வேலை ஆகியவற்றில் வேலை செய்வோரிடம் கேளுங்கள். மீன் வாங்க வரும் வியாபாரி கூட வரலாம். காசுக் கணக்குக் கதைக்க அவரைப் போல ஆள் கிடையாது.

முஸ்லிம் அயலவரை மறக்க வேண்டாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் நீண்ட காலம் வாழ்ந்துவிட்டு, மன்னாருக்கும் முசலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பிய குடும்பங்களில் பலருக்குச் சிங்களம் சரளமாக வரும். இழப்பில் கிடைத்த மொழி அது. தமிழ் வழியாகவே விளக்கம் சொல்லக்கூடியவர்கள் என்பதால், முதல் சில வாரங்களுக்கு அவர்களில் ஒருவர் நடுவில் இருப்பது பெரிய உதவி.

இந்தியாவிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு ஒரு சொல். தமிழ்நாட்டில் படித்த உங்கள் பிள்ளை இங்கே எட்டாம் ஆண்டில் சேரும்போது, வகுப்பில் மற்றப் பிள்ளைகள் இரண்டாம் தேசிய மொழி என்ற பாடத்தில் சிங்களம் ஏற்கனவே தொடங்கியிருப்பார்கள். உங்கள் பிள்ளை எழுத்தே அறியாமல் பின்வரிசையில் இருக்கும். அந்தப் பிள்ளையையும் சந்திப்புக்குக் கூட்டிச் செல்லுங்கள். பெரியவர்கள் ஒரு சொல் சொல்லுமுன் சிறுவர்கள் பத்துச் சொல் பிடித்துவிடுவார்கள் என்பதை நீங்களே காண்பீர்கள்.

பொதுநோக்கு மண்டபம், முன்பள்ளி, பிரதேச சபை நூலகம், இவற்றில் ஒன்று போதும். கோயில், தேவாலயம், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் உள்ளே வைக்க வேண்டாம். ஒரு பகுதியினர் வரத் தயங்குவார்கள். படை முகாமிலோ பொலிஸ் நிலையத்திலோ வைக்கவே வேண்டாம். வருபவர் எந்தத் தொழில் செய்பவராக இருந்தாலும் சீருடை இல்லாமல் வரட்டும். கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் கிராம அலுவலருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அந்த ஒரு மணித்தியாலம்

இரண்டு பேருக்கு இரண்டு பேர் என்பது நல்ல அளவு. பத்துப் பேர் வட்டமாக இருந்தால் வாயாடிகள் இருவர் கதைப்பார்கள், மற்றவர்கள் தேத்தண்ணி குடிப்பார்கள். மணிக்கூட்டை எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் வையுங்கள். நேரம் மாறும்போது மொழியும் மாற வேண்டும், கதை பாதியில் நின்றாலும் பரவாயில்லை. இதில் இறுக்கமாக இருங்கள். இல்லாவிட்டால் யாருக்குக் கூச்சம் குறைவோ அவருடைய மொழியே ஒரு மணித்தியாலமும் ஓடும். அநேகமாக அது நம்முடையதாக இராது.

"இன்றைக்கு என்ன கதைப்பம்?" என்று தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் கதை வற்றிவிடும். ஒரு பொருளைக் கொண்டு போங்கள். வெறும் மருந்து உறை, பஸ் டிக்கெட், நெல் விற்ற பற்றுச்சீட்டு, நிரப்பாத படிவம். முதல் வாரம் மருந்து உறை நல்லது. காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன், பின், எத்தனை நாள், எத்தனை குளிசை: ஒரு கையளவு கடதாசியில் அரை மணித்தியாலத்துக்குக் கதை இருக்கிறது.

பிழை திருத்துவதிலும் அளவு வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் மறித்தால் வாய் பூட்டிக்கொள்ளும். கதைக்க விடுங்கள், கடைசியில் மூன்று பிழைகளை மட்டும் சொல்லுங்கள். அவரிடமும் அப்படியே கேளுங்கள்.

நீங்கள் பாதி வழி வந்துவிட்டீர்கள்

சிங்களம் கடினம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் எழுத்தைப் பார்த்துப் பயந்தவர்கள். பேச்சு அப்படியல்ல. "நான் கடைக்குப் போகிறேன்" என்பதைச் சிங்களத்தில் "மம கடேட்ட யனவா" என்பார்கள். மம என்றால் நான், கடேட்ட என்றால் கடைக்கு, யனவா என்றால் போகிறேன். சொற்கள் நிற்கும் ஒழுங்கு தமிழில் உள்ளதே. "கடே" என்பதும் நம்முடைய கடைதான். நம்முடைய "கு" வரும் இடத்தில் அவர்களிடம் "ட்ட" வருகிறது. "எனக்கு" என்பது "மட்ட". "எனக்குக் காய்ச்சல்" என்பது "மட்ட உண".

இன்னும் ஒரு நல்ல செய்தி. தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறோம் என்று ஆளுக்கொரு முடிவு. பேச்சுச் சிங்களத்தில் எல்லோருக்கும் "யனவா"தான். மம யனவா, அபி யனவா, எயா யனவா: நான், நாங்கள், அவர். இதனால்தான் தமிழ் பழகும் சிங்கள நண்பர் "நான் போறது", "அவர் போறது" என்று தடுமாறுவார். அவருக்கு நம்முடைய மொழி எவ்வளவு கடினம் என்று அப்போது விளங்கும். ழகரத்தில் அவர் படும் பாடு தனிக் கதை. அதில் நம்மில் பலரும் அவருக்குத் துணை.

சொற்களிலும் உறவு நிறைய உண்டு. சல்லி என்றால் காசு, குலிய என்றால் கூலி, இலக்கம என்றால் இலக்கம், வேலாவ என்றால் வேளை, தக்காலி என்றால் தக்காளி. போர்த்துக்கேயர் இரு வீட்டுக்கும் கொடுத்துவிட்டுப் போனவையும் உண்டு: மேசை, அலுமாரி, சப்பாத்து, துவாய், பாண். சிங்கள வீட்டில் இவற்றைச் சின்ன மாற்றத்துடன் கேட்பீர்கள்.

ஒரே ஒலி, வேறு பொருள் என்று காலை வாரும் சொற்களும் இருக்கின்றன. "தாத்தா" என்றால் சிங்களத்தில் அப்பா. அப்பாவின் அப்பா "சீயா". "அய்யா" என்றால் அண்ணன். நாம் மரியாதையாக ஐயா என்று கூப்பிட்டால் அவர்கள் அண்ணே என்று எடுத்துக்கொள்வார்கள், பாதகமில்லை. "என்ன" என்றால் "வாருங்கள்". எங்கள் சந்திப்பொன்றில் ஒரு அம்மா கதவடியில் நின்று, உள்ளே இருந்த தாதியிடம் "என்ன?" என்று கேட்க, தாதி எழுந்து வந்தார். வந்தவர் "என்ன, என்ன" என்று அம்மாவை உள்ளே அழைக்க, அம்மா "ஒண்டுமில்லை" என்றார். இது விளங்கி இருவரும் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் எடுத்தது.

எதிரில் இருப்பவரை "நீ", "நீங்கள்" என்று அழைக்கும் சொற்களில் கவனம் வேண்டும். "ஒயா" என்பது பழகியவரிடம் சொல்வது. "உம்ப", "தமுசெ" என்பவை வீதியில் காதில் விழும். அவற்றை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்விடாதீர்கள். அலுவலரை "மஹத்தயா" அல்லது "சேர்" என்றும், தாதியை "மிஸ்" என்றும், வயதில் மூத்த பெண்ணை "அக்கா" என்றும் கூப்பிட்டு, நீங்கள் என்ற சொல்லையே விட்டுவிடலாம். தமிழில் நாம் செய்வதும் அதுதானே.

வைத்தியசாலையிலும் பொலிஸிலும்

கீழே உள்ளதை உங்கள் சிங்கள நண்பரிடம் ஒரு முறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தமிழ் எழுத்தில் சிங்கள ஒலி முழுதாக வராது. முக்கியமாக ஆங்கிலத்தில் "பாங்க்" என்று சொல்லும்போது வரும் அந்த அகன்ற ஒலிக்கு நம்மிடம் எழுத்து இல்லை. அவர் வாயைப் பார்த்துத்தான் பழக வேண்டும்.

தாய்: மிஸ், லமயாட்ட உண. (மிஸ், பிள்ளைக்குக் காய்ச்சல்.)
தாதி: தவஸ் கீயக் த? (எத்தனை நாள்?)
தாய்: தவஸ் துனக். (மூன்று நாள்.)
தாதி நீளமாக ஏதோ சொல்கிறார்.
தாய்: ஹெமின் கியன்ன, மிஸ். மட்ட சிங்ஹல தேரென்னே டிக்கக் விதரய். (மெதுவாகச் சொல்லுங்கள், மிஸ். எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான் விளங்கும்.)

கடைசி வரியை முதலில் பாடமாக்குங்கள். கொஞ்சம் தெரிந்தவர் எல்லாம் தெரிந்தவர் போலத் தலையாட்டுவதுதான் ஆபத்து. மருந்து விடயத்தில் விளங்காமல் ஒருபோதும் தலையாட்ட வேண்டாம்.

பொலிஸ் நிலையத்துக்கோ அலுவலகத்துக்கோ போகும்போது தேவைப்படுபவை வேறு. "இடம் ஒப்புவ நெத்தி வுணா" என்றால் காணி உறுதி தொலைந்துவிட்டது. உங்களிடம் இருந்தது அரச காணி அனுமதிப்பத்திரம் என்றால் அதற்கு "பலபத்ரய" என்று சொல்லுங்கள். இரண்டையும் மாற்றிச் சொன்னால் பிறகு சிக்கல். அடையாள அட்டை "ஹெந்துனும்பத்த". பிறப்புச் சான்றிதழ் "உப்பென்ன சஹதிக்கய". எழுதி முடித்துத் தாளை நீட்டும்போது சொல்ல வேண்டியது: "மட்ட சிங்ஹல கியவன்ன பே. மேக்க கியவலா தென்ன." எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, இதை வாசித்துக் காட்டுங்கள். அதற்குப் பின்: "தெமள பிட்டபத்தக் தியெனவா த?" தமிழ்ப் பிரதி இருக்கிறதா?

வாசிக்கும்போது உங்கள் பெயர், இலக்கங்கள், திகதி, தொலைந்த பொருட்களின் பெயர்கள் வருகின்றனவா என்று காதைக் கொடுங்கள். வராவிட்டால் கையொப்பத்தை நிறுத்துங்கள். முதலில் சொன்ன அந்த அம்மா இரண்டாம் முறை போனபோது இதைத்தான் செய்தார். "ஒப்புவ" என்ற சொல் வரும்வரை பேனையைத் தொடவில்லை.

இதையெல்லாம் மண்டபத்தில் நடித்துப் பாருங்கள். ஒருவர் உத்தியோகத்தர், ஒருவர் முறைப்பாட்டாளர். சிங்கள நண்பரை முறைப்பாட்டாளராக்கி, நீங்கள் தமிழில் எழுதும் உத்தியோகத்தராக இருப்பது இன்னும் நல்லது. விளங்காத மொழியில் ஒரு தாள் முன்னால் நீட்டப்படுவது எப்படியிருக்கும் என்பதை அவரும் ஒரு முறை அறியட்டும்.

வர மறுப்பவர்கள்

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வர மறுக்கலாம். வற்புறுத்த வேண்டாம். 1983 ஜூலையில் தெற்கில் இருந்தவர்கள், வீதியில் மறிக்கப்பட்டு "பால்திய" என்ற சொல்லைச் சொல்லச் சொன்ன கதைகளை இன்றும் சொல்வார்கள். பால்திய என்றால் வாளி. அந்தச் சொல்லின் முதல் ஒலி தமிழ் நாக்குக்குச் சரியாக வராது. அதை வைத்தே ஆளை அடையாளம் கண்டார்கள். அதைக் கண்டவருக்கோ கேட்டவருக்கோ, சிங்களவர் ஒருவர் முன்னால் பிழையாக உச்சரிப்பது வெறும் கூச்சமாக இராது. அவர்கள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கட்டும், அல்லது தமிழ் அரை மணித்தியாலத்துக்கு மட்டும் வரட்டும். தமிழைச் சொல்லிக்கொடுக்க அவர்களை விடச் சிறந்தவர் இல்லை.

இதே காரணத்துக்காக, முதல் மாதங்களில் "யுத்தத்தில் உங்களுக்கு என்ன நடந்தது?" என்று இரு பக்கமும் கேட்க வேண்டாம் என்று நாம் சொல்கிறோம். அந்தக் கதை தானாக வரும் நாளில் வரட்டும். அரை மணித்தியால மொழிப் பயிற்சிக்குள் அதை அடக்க முடியாது.

பெண்களும் பெண் பிள்ளைகளும் தனியே போகாமல் இருவராவது சேர்ந்து போங்கள். சந்திப்பு பொழுதுபடுமுன் முடியட்டும். எவரும் படம் எடுக்க வேண்டாம். வந்தவர்களின் பெயர், தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு எடுத்துச் செல்ல யாருக்கும் இடம் கொடுக்க வேண்டாம், எங்கள் அலுவலர் கேட்டாலும் கூட. யாராவது கேள்விகளைக் குடும்ப விபரங்கள் பக்கம் திரும்பத் திரும்பக் கொண்டு போனால், மருந்து உறையைக் கையில் எடுத்து மறுபடி பாடத்துக்கு வாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் அடுத்த வாரம் அவருடன் இருக்க வேண்டியதில்லை.

இரண்டு இடைஞ்சல்கள் நிச்சயம் வரும். உத்தியோகத்தர்களுக்கு இடமாற்றம் வரும். நன்றாகப் பழகியவர் ஒரு நாள் குருநாகலுக்கோ மாத்தறைக்கோ போய்விடுவார். போகுமுன் தனக்குப் பதிலாக வருபவரை ஒரு முறை கூட்டி வரும்படி கேட்டு வையுங்கள். மற்றது பெரும்போகம். விதைப்புத் தொடங்கினால் மண்டபத்துக்கு ஆள் வராது. அந்த மாதங்களில் சந்திப்பை நிறுத்தி, கொப்பியில் எழுதிய சொற்களை வயலில் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருங்கள். அறுவடை முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, நெல் விற்ற பற்றுச்சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வாருங்கள்.